ஓடைக்கரை நிலத்தின் ஏலம்

அயோவா, ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் மெக்கானிக் கடை முகவரி மாறியிருக்காது என்ற நம்பிக்கைதான்.

நீ ஒமாஹாவுக்குப் போனபோது விற்றுவிட்டுப் போன ஓடைக்கரை நிலம் வியாழக்கிழமை ஏலத்துக்கு வந்தது. அன்று காலை மூச்சே உறைந்துபோகும் குளிர். "சோளச் சாராயத்தை ஊத்துனா குளிர்ல வண்டி செத்துப்போகும்" என்பாயே, அதே கார்தான். நம் மக்காச்சோளத்தில் வடித்த எத்தனால் கலந்த பெட்ரோல்தான். சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது! மைலேஜ் கொஞ்சம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன்.

ஏலத்தில் சிகாகோ கம்பெனி ஆள் ஒருவன் விடாமல் கை தூக்கி விலையை ஏற்றினான். எத்தனால் ஆலைக்குச் சோளம் போட்டுச் சேர்த்த பணத்தையெல்லாம் நானும் இறக்கினேன். பக்கத்து நிலத்து ஹோவ்லாண்டும் போட்டிக்கு வருவார் என்று பயந்திருந்தேன். அவரோ இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "எனக்கு இன்னிக்குக் கை வலிம்மா, தூக்கவே முடியல" என்றார். ஏலக் கூடமே சிரித்தது. கம்பெனிக்காரன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். ஏலக்காரரின் சுத்தியல் விழுந்தது. நிலம் எனக்கு!

அழவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை.

பத்திரம் எழுதுகிறவர், "யார் பேர்ல?" என்று கேட்டார். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். சின்ன வயதில் நீ கூடாரம் போடுவாயே, அந்த மேட்டை மட்டும் உன் பெயரில் பிரிக்கச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரலில் விதைப்பு. டிராக்டர் ஓட்ட ஒரு ஆள் குறைகிறது.

மேட்டை விற்றுவிடாதே.

இப்படிக்கு,
உன் தங்கை