அன்ரனின் கோட்டு

8.3.94, செவ்வாய்

வுச்சீரியாச் சந்தைக்கு மேலே இருக்கும் இந்த மலிவு விடுதியில் அறைக்குள் சமைக்கக் கூடாது. ஆனாலும் எல்லோரும் சமைக்கிறோம். போன கிழமை கருவாட்டு மணம் பிடித்து விடுதிக்காரி மேலே ஏறி வந்தபோது, எனக்கு மேல்கட்டிலில் படுக்கும் அன்ரன் என்னைக் கை காட்டினான். பொரித்தது அவன். சட்டி மட்டும்தான் என்னுடையது. அவள் சட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டு, என்னைக் கக்கூசுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினாள்.

நாளை அன்ரன் ஒரு பணக்கார இத்தாலிக்காரச் சீமாட்டி, சிஞ்ஞோரா ஒருத்தி வீட்டில் வேலை கேட்டுப் போகிறான். இன்று பின்னேரம் தன் ஒரேயொரு கோட்டை அயன் பண்ணிக் கதவில் கொழுவிவிட்டு, தலைமயிர் வெட்டப் போனான். விடுதிக்காரியும் இல்லை. நான் ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். கோட்டுக்குக் கீழே அடுப்பை வைத்து, அவனுடைய கருவாட்டையே எடுத்துப் பொரித்தேன். ஆறுதலாகப் பொரித்தேன். பாவங்களுக்கு மனம் வருந்த வேண்டிய தவக்காலம் என்பது நினைவில் இருந்தது.

வந்தவன் கோட்டைப் போட்டுப் பார்த்தான். இந்த அறையில் கிடந்து எங்கள் மூக்குக்கு அந்த மணம் தெரிவதேயில்லை. சிஞ்ஞோராவுக்குத் தெரியும்.

"எப்பிடி அண்ணை இருக்கு?"

"மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய்."

என் கட்டிலில் வந்து இருந்தான். "அங்கை ரெண்டு பேர் வேணுமாம். உங்களைப் பற்றியும் கதைக்கிறன். அண்டைக்கு நான் செய்தது பிழைதான், அண்ணை."

இப்போது கோட்டை ஜன்னலுக்கு வெளியே கொழுவினால் விடிவதற்குள் கொஞ்சமாவது மணம் போகும். எழும்பத்தான் நினைத்தேன். பக்கத்தில் யாரோ கக்கூசுக்குத் தண்ணீர் இழுத்துவிட்டார்கள்.

கதவிலேயே தொங்கட்டும்.