தாமான் செம்பாகா பூங்காவை 'முந்தைய நிலைக்கு'க் கொண்டுவரச் சொல்லும் அறிவிப்பு குறித்து

அனுப்புநர்:
இன்பராணி த/பெ வாலண்டைன்,
செயலாளர், பூங்காப் பராமரிப்புக் குழு,
எண் 17, ஜாலான் செம்பாகா 4,
தாமான் செம்பாகா, பாயா மெராந்தி, ஜொகூர்.

பெறுநர்:
திருமதி பிரேமலா அவர்கள்,
ஆறாம் வட்டார உறுப்பினர்,
பாயா மெராந்தி நகராண்மைக் கழகம்.

பொருள்: குடியிருப்பாளர்கள் பராமரித்து வரும் பூங்காவுக்கு விடுக்கப்பட்ட அகற்றல் அறிவிப்பை நிறுத்திவைக்கவும், பராமரிப்புக்கு முறையான அனுமதி வழங்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

கடந்த ஜூலை 8-ஆம் தேதி எங்கள் பூங்காவின் விளக்குக் கம்பத்தில் நகராண்மைக் கழகத்தின் அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. அனுமதியின்றி வைக்கப்பட்ட அனைத்தையும் பதினான்கு நாள்களுக்குள் அகற்றி, பூங்காவை 'முந்தைய நிலைக்கு'க் கொண்டுவர வேண்டும் என்று அது உத்தரவிடுகிறது. கெடு வரும் 22-ஆம் தேதி முடிகிறது. தாங்கள் இவ்வாண்டுதான் பொறுப்பேற்றிருப்பதால், அந்த முந்தைய நிலை எப்படி இருந்தது என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன்.

1. 2023-ஆம் ஆண்டு இறுதியில் இந்தப் பூங்காவின் நடைபாதை கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் உயரப் புல்லுக்குள் பழைய டயர்கள், உடைந்த அலமாரிகள், சாப்பாட்டுப் பொட்டலங்கள். சாக்கடை அடைத்து, ஊஞ்சலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அந்த நவம்பரில் எங்கள் நான்கு சாலைகளில் பதினோரு பேருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. அவர்களில் ஒருவர் என் கணவர் பிராண்டன். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். அதில் மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில், ரத்தத் தட்டணுக்கள் இன்று ஏறுமா என்று ஒவ்வொரு காலையும் தாதியரிடம் கேட்டுக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கடவுள் அருளால் பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "வீட்டுப் பக்கத்துல குப்பை மேடு ஏதாவது இருக்காம்மா?"

2. அதற்கு முன்பே நாங்கள் மூன்று புகார்கள் கொடுத்திருந்தோம். மூன்றுக்கும் புகார் எண் கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. தங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தாங்கள் அப்போது பொறுப்பில் இல்லை.

3. 2024 ஜனவரி 6, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பாராங் கத்தியும் கறுப்புப் பைகளுமாக நாங்கள் மூன்று பேர் பூங்காவுக்குள் இறங்கினோம். செனாயில் மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் நான், மூலைக்கடையில் நாசி லெமாக் சோறு விற்கும் திருமதி கஸ்தூரி, எதிர்வீட்டு ஆசிரியை புவான் ரொஹானா. வேலியோரம் நின்று பார்த்தவர்கள் பலர். மூன்றாவது வாரம் அவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்தார்கள். இரண்டு மாதத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் கூடி கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணி நடந்தது. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் இருந்தோம். யாரையும் யாரும் வற்புறுத்தவில்லை.

4. ஆனால் சனிக்கிழமை கூட்டிய இடத்தில் செவ்வாய்க்கிழமை மறுபடியும் குப்பை கிடந்தது. ஒருநாள் திருமதி கஸ்தூரி அந்தக் குவியலில் ஒரு மின்கட்டண ரசீதைக் கண்டெடுத்தார். அதிலிருந்த முகவரி வேறொரு தாமான் குடியிருப்பைச் சேர்ந்தது. நாங்கள் தேடிப்போய்க் கேட்டபோது அந்த வீட்டார், "வீடு மாறினப்ப பழைய சாமானெல்லாம் லோரிக்காரர் ஐயாசாமிகிட்ட குடுத்தோம்" என்றார்கள். திரு. ஐயாசாமி எங்கள் சாலையிலேயே, என் வீட்டிலிருந்து ஆறு வீடு தள்ளிக் குடியிருப்பவர்.

5. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் மறுக்கவில்லை. "குப்பைக் கிடங்கு அஞ்சு மணிக்கே பூட்டிடறாங்க. நான் சாமான் எறக்கி முடிக்கவே ஏழாகுது. எங்க கொண்டு போறது? எல்லாரும்தானே போடறாங்க" என்றார். நான், "அண்ணே, எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்தது உங்களுக்குத் தெரியும்தானே" என்று மட்டும் கேட்டேன். அவர் தலைகுனிந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவருடைய லோரி பூங்கா வாசலில் நின்றது. கிடங்கு பூட்டுவதற்குள் ஏழு நடை ஓட்டினார். ஏழாவது நடை முடிந்து வந்தபோது புவான் ரொஹானா அவருக்குத் தேநீர் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் குப்பை முழுவதும் அவர் லோரியில்தான் போகிறது. இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க. நான் செஞ்சதுதானே" என்றார்.

6. இனி அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள பொருள்களுக்கு வருகிறேன்.

நிழற்கூரை: பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை செய்யும் என் கணவர், உடல் தேறியதும் தம் கையால் பற்றவைத்தது. நான்கு தூண்களும் இரண்டடி ஆழக் கான்கிரீட்டில் நிற்கின்றன.

இருக்கைகள் மூன்று: கூரைக்கு வாங்கிய இரும்பில் மிஞ்சியதைக் கொண்டு செய்தவை.

செடிகள்: செராய், பாண்டான், கறிவேப்பிலை. தண்ணீர் திருமதி கஸ்தூரி வீட்டுக் குழாயிலிருந்து வருகிறது.

அகற்றப்பட்ட சறுக்குமரம்: இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் தகடு கிழிந்திருப்பதைச் சென்ற ஆண்டு செப்டம்பரிலேயே எழுத்துமூலம் தெரிவித்தோம். பிப்ரவரியில் லோஷினி என்ற எட்டு வயதுச் சிறுமியின் தொடையை அந்தத் தகடு கிழித்தது. பதினான்கு தையல். மறுநாளே அதைக் கழற்றினோம். அது கழகத்தின் சொத்து என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே தூக்கி எறியாமல், திரு. ஐயாசாமியின் வீட்டு முன்கூடத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். எப்போது கேட்டாலும் ஒப்படைப்போம்.

7. இவை எதற்கும் நாங்கள் முன்அனுமதி பெறவில்லை. அது எங்கள் தவறு. அதை ஒளிக்கவோ, அதற்குச் சாக்குச் சொல்லவோ விரும்பவில்லை.

8. அறிவிப்பைக் கொண்டுவந்த அமலாக்க அதிகாரி மிகவும் பண்பானவர். வெயில் கடுமையாக இருந்ததால், எங்கள் நிழற்கூரைக்கு அடியில், எங்கள் இருக்கையில் அமர்ந்துதான் விவரங்களை எழுதினார். எழுதி முடித்ததும் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "மாஆஃப் யா, காக்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் தம் கடமையைச் செய்தார். அவர்மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

9. பட்டியலில் உள்ள பொருள்களை அகற்றுவதைத் தவிர இந்த இடத்தில் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது என்று அறிவிப்பில் இருந்ததால், அதற்குக் கட்டுப்பட்டு 12-ஆம் தேதி, சனிக்கிழமைப் பணியை நிறுத்தினோம். பதினெட்டு மாதங்களில் நாங்கள் வேலை செய்யாத முதல் சனிக்கிழமை அதுதான். மூன்றே நாளில், 15-ஆம் தேதி காலை, கதவில்லாத பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று பூங்கா நடுவே மல்லாந்து கிடந்தது. கொண்டுவந்து போட்டவர் யாரென்று தெரியவில்லை. நேற்று மாலை போய்ப் பார்த்தேன். அதற்குள் மழைத் தண்ணீர் நிறைந்திருக்கிறது. கழகம் கேட்ட முந்தைய நிலை, எங்கள் உதவி இல்லாமலேயே திரும்பத் தொடங்கிவிட்டது.

10. நேற்றிரவு குழு கூடியது. கோபப்பட்டவர்கள் உண்டு. திருமதி கஸ்தூரி, "அவங்களும் எடுக்க மாட்டாங்க, நம்மளயும் எடுக்க விட மாட்டாங்களா?" என்றார், இதை மாற்றாமல் எழுதும்படியும் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அப்போது திரு. ஐயாசாமி எழுந்து, "கூரையப் பிரிக்கச் சொன்னா பிரிச்சிடுவோம் லா. அதுக்காகக் கூட்டறத ஏன் நிறுத்தணும்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. எண்பத்தெட்டு வீடுகளில் எழுபத்தொரு வீட்டார் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மற்ற வீடுகளில் பெரும்பாலானோர் சிங்கப்பூரில் வேலை செய்வதால் வார இறுதியில்தான் திரும்புவார்கள்.

ஆகவே அம்மையார் அவர்களைக் கேட்டுக்கொள்வது:

அ) 22-ஆம் தேதிக் கெடுவை நிறுத்திவைத்து, பொறியாளர் ஒருவரை அனுப்பி நிழற்கூரையையும் இருக்கைகளையும் சோதிக்கச் செய்ய வேண்டும். அவர் பாதுகாப்பில்லை என்று சொல்லும் எதையும் அன்றைக்கே நாங்களே பிரித்துவிடுவோம்.

ஆ) பூங்காவைப் பராமரிக்க எங்கள் குழுவுக்கு எழுத்துபூர்வமான அனுமதி பெற்றுத் தர வேண்டும். விதிமுறைகளை அனுப்பினால் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்போம்.

இ) பெரிய சாமான்களைப் போட மாதம் ஒருமுறை ஒரு பெருந்தொட்டி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். போட இடம் இருந்தால் பூங்காவில் போட மாட்டார்கள் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

ஈ) சறுக்குமரத்துக்கு மாற்று வேண்டும். பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள்.

இவற்றில் எதுவும் முடியாத காரியமில்லை என்றும், நேரில் வந்து பார்த்தால் தாங்களும் அப்படியே சொல்வீர்கள் என்றும் நம்புகிறோம்.

இறுதியாக ஒன்று. கொசுப்புழு பெரிதாக ஒரு வாரம் போதும். கெடு முடியும்வரை எங்களால் காத்திருக்க இயலாது. வரும் 19-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்தக் குளிர்சாதனப் பெட்டியைப் பூங்காவிலிருந்து அப்புறப்படுத்தப் போகிறோம். அதற்கு அனுமதி கேட்கவில்லை, அம்மையார் அவர்களே. தங்கள் தகவலுக்காகத் தெரிவிக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(இன்பராணி த/பெ வாலண்டைன்)

இடம்: பாயா மெராந்தி, ஜொகூர்
நாள்: 17 ஜூலை 2025

இணைப்பு: 71 வீட்டாரின் கையெழுத்துகள், 2023 டிசம்பரிலும் இந்த மாதத்திலும் ஒரே இடத்தில் நின்று எடுத்த புகைப்படங்கள், இம்மனுவின் மலாய் மொழிபெயர்ப்பு (ஆசிரியை புவான் ரொஹானா).