ஏழாவது துளை

கிள்ளான்,
11-3-1934

அன்பு நாகையாவுக்கு,

கௌஸ் எழுதுகிறேன். இங்கே நானும் காத்தூன் பீவியும் பிள்ளைகளும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். வீரம்மாவின் முட்டி வலி இப்போது எப்படி? தைப்பூசத்துக்குப் பந்தல் போடப் பத்துமலை வரை வந்தவன் பிரிக்பீல்ட்ஸில் எட்டிப் பார்க்காமல் போய்விட்டான் என்று நீ கோபித்திருப்பாய். உண்மையைச் சொன்னால், கூட வந்த பன்னிரண்டு ஆட்களும் ரயிலுக்கு அவசரப்பட்டார்கள். அடுத்த முறை பார்.

இப்போது ஒரு நல்ல சேதி. துறைமுகத்து ஆட்களும் ரயில்வே ஆட்களும் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கட்டப் போகிறோம். தம்புசாமி கமிட்டித் தலைவர், நான் கட்டட மேஸ்திரி. அத்தாப்பு ஓலைக் கொட்டகை இல்லை, செங்கல் கட்டடம், மேலே ஒரு மாடி. மாடியில் சின்ன வகுப்புக்கு உன் மகள் சந்திரகலாவை வாத்தியாரம்மாவாகப் போட வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிவிட்டேன். அவளிடம் சொல்லிவிடு.

இடம் எது தெரியுமா? 1911-ல் ரயில் கிளைப்பாதைக்காக நீயும் நானும் மண்ணைத் துளைத்துப் பார்த்துக்கொண்டே போனோமே, அதே வரிசை. பாதை வரவே இல்லை. நிலம் காடாகக் கிடந்து இப்போது நம் கைக்கு வந்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் பள்ளிக்கூடம் சரியாக நம் ஏழாவது துளையின் மேல் வருகிறது. அந்தத் துளை போட்டபோது நான் காய்ச்சலில் கிடந்தேன், ஒன்றும் நினைவில்லை. பழைய பதிவேடுகள் உன் மண்ணாய்வு ஆபீசில்தானே இருக்கின்றன. எத்தனை அடியில் கெட்டி மண் வருகிறது என்று நகல் எடுத்து அனுப்பு. அதை வைத்து அஸ்திவாரம் போடுகிறேன்.

உன்,
கௌஸ்


பிரிக்பீல்ட்ஸ்,
19-3-1934

பிரியமுள்ள கௌஸுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சந்திரகலா அதை மூன்று தடவை வாங்கிப் படித்தாள். வீரம்மா உனக்கும் தங்கச்சி காத்தூனுக்கும் அன்பு சொல்லச் சொன்னாள். முட்டி வலி மழைக்கு மழை வருகிறது.

1911 என்று நீ எழுதியதும் அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. எனக்குப் பத்தொன்பது, உனக்கு இருபது. நான்கு ஆட்கள் துளைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவார்கள். நீ கம்பியில் காதை வைத்து, "இப்ப மணல் வருது" என்பாய். கம்பியை இழுத்தால் மணல்தான் இருக்கும். நான் மண்ணை டப்பாவில் போட்டு ஆழம் எழுதுவேன். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரம்மா வாழையிலையில் கட்டிக் கொடுத்த சோற்றைச் சேற்றுக் கையோடு தின்றோம். அந்த ருசி அப்புறம் எந்தச் சோற்றிலும் இல்லை. நீ அப்போது பாடிக்கொண்டே இருப்பாய். இப்போதும் பாடுகிறாயா?

நாம் அன்று கொண்டுவந்த மண்ணெல்லாம் இன்று என் கையில்தான் இருக்கிறது. எங்கள் துரை அதைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் வடித்து, பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். சிப்பி இருந்தால் அங்கே கடல் இருந்தது. இலைத்தூள் இருந்தால் சதுப்பு. உருண்டைக் கல் என்றால் ஆறு ஓடியிருக்கிறது. ஒரு காலத்தில் வட தேசங்களை மைல் கணக்கான பனிக்கட்டி மூடிக் கிடந்ததாம். உலகத்துத் தண்ணீர் அங்கே உறைந்து நின்றதால் நம் பக்கம் பனியே விழாமல் கடல் மட்டும் வற்றிப்போனது. சுமத்திராவுக்கு நடந்தே போகலாமாம். ஆறுகள் தூரத்துக் கடலைத் தேடி நிலத்தை ஆழமாக வெட்டிக்கொண்டு ஓடின. பனி உருகியதும் கடல் திரும்பி வந்து, அந்தப் பள்ளங்களையெல்லாம் களிமண்ணால் நிரப்பிவிட்டது. மேலே பார்த்தால் ஒரே தரை. அடியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று மண்ணைக் கேட்டால்தான் தெரியும்.

நகல் எடுக்கக் கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் ஒரு யோசனை சொல்கிறேன். செங்கல்லும் மாடியும் எதற்கு? கட்டை நட்டுப் பலகைக் கட்டடமாகப் போட்டால் காற்றோட்டமாக இருக்குமே.

என்றும் உன்,
நாகையா


கிள்ளான்,
2-4-1934

அன்பு நாகையா,

கடலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய், நான் கேட்டதற்குப் பதில் அரை வரி. ஆபீஸ் சேரில் உட்கார்ந்தால் எல்லாரும் இப்படித்தான் ஆகிவிடுவார்களா? சுமத்திராவுக்கு நடந்து போகும் கதையைக் காத்தூனிடம் சொன்னேன். "அங்க நடந்து போறது இருக்கட்டும், பாசாருக்குப் போய் மீன் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

உனக்கு வேலை அதிகம் போல என்று நினைத்து, போன வாரம் கோலாலம்பூர் வந்த தம்புசாமியை உன் ஆபீசுக்கே அனுப்பினேன். நீ அன்று லீவாம். கிளார்க் பாலன் நல்ல பையன், அவனே பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தான். ஏழாவது துளை: நான்கு அடி கரிமண், பிறகு களி, பதினான்காவது அடியில் கெட்டிச் சரளை. எல்லாம் உன் கையெழுத்து என்று சொன்னானாம். இதைவிட நல்ல தரை கிள்ளானில் எங்கே கிடைக்கும்? கமிட்டியில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், "இது என் கூட்டாளி எழுதினது, கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்" என்று.

வரும் 29-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை அஸ்திவாரம். இப்போதே பெண்டு பிள்ளைகளெல்லாம் சூளையிலிருந்து செங்கல் தூக்கி வந்து அடுக்குகிறார்கள். மாரியாயி என்ற கிழவி இரண்டு இரண்டாகத் தூக்கி வருகிறாள், வேண்டாமென்றால் ஏசுகிறாள். குடும்பத்தோடு வந்துவிடு.

உன்,
கௌஸ்


பிரிக்பீல்ட்ஸ்,
5-4-1934

கௌஸ்,

அஸ்திவாரத்தை நிறுத்து. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு.

ஏழாவது துளை போடவே இல்லை.

ஆறாவது துளை முடிந்த மறுநாள் நீ விழுந்தாய். குடிசையில் பாயோடு பாயாக நடுங்கிக்கொண்டு கிடந்தாய், என்னை அடையாளம் தெரியவில்லை. கம்பியை நடத்தத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். ஆட்களை இரண்டு நாள் அனுப்பிவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து கொயினாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், நாள் போதாது. நீ எழுந்ததும் ஏழாவதை ஆட்களை வைத்து முடித்துவிட்டதாகச் சொன்னேன். ஆறில் பதின்மூன்று அடியில் சரளை. எட்டில், நீ எழுந்த பிறகு போட்டது, பதினைந்து. நடுவில் பதினான்கு இருக்கும் என்று எழுதினேன். டப்பா ஒன்று குறைந்தால் கேட்பார்கள் என்று ஆறாவது துளை மண்ணையே பாதி எடுத்து ஏழு என்று சீட்டு ஒட்டினேன். பாதை வராமல் போனதும் நல்லதாகப் போயிற்று என்று மறந்துவிட்டேன்.

முழுக்க மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் துரை பனியுகத்து ஆற்றுப் பள்ளத்தைப் படத்தில் வரைந்துகொண்டிருந்தார். நம் வரிசைக்கு வடக்கே போட்ட துளைகளில் எழுபது அடிக்கு மேல் களிமண். தெற்கேயும் அப்படித்தான். நேராகக் கோடு இழுத்தால் ஆறு நம் ஏழாவது துளை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே பதினான்கடியில் சரளை என்று இருக்கிறதே. துரை பென்சிலை வைத்துக்கொண்டு, "நாகையா, ஆறு இந்த இடத்தில் ஏன் திரும்புகிறது?" என்று கேட்டார். "தெரியவில்லை துரை" என்றேன். அவர் ஆற்றை வளைத்து வரைந்தார். அந்தப் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. தினமும் அதன் கீழேதான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பள்ளிக்கூடத்தின் இரண்டு முனையும் கெட்டித் தரையில் நிற்கும். நடுப்பகுதி அந்தப் பள்ளத்தின் மேல் நிற்கும். செங்கல்லின் கனத்துக்குக் களி வருஷத்துக்கு வருஷம் இறங்கும். சுவர் நடுவில் பிளக்கும். பிள்ளைகள் மாடியில் இருப்பார்கள்.

நகல் அனுப்பாமல் இழுத்தடித்ததும் பலகைக் கட்டடம் என்று சுற்றி வளைத்ததும் இதனால்தான். நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாளைக் காலை துரையிடம் சொல்லப் போகிறேன்.

நாகையா


கிள்ளான்,
9-4-1934

நாகையாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலையை நிறுத்திவிட்டேன். காரணம் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நான் காய்ச்சலிலிருந்து எழுந்து உட்கார்ந்த அன்று நீ கஞ்சி கொடுத்தாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே. இரண்டு பேரும் போய் ஒரு நாளில் அந்தத் துளையைப் போட்டிருப்போம். எட்டாவதைப் போட நான் எழுந்து வந்தேனே, ஏழாவதைப் போட வந்திருக்க மாட்டேனா? இருபத்துமூன்று வருஷம். உன் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

என் காய்ச்சலுக்காகச் செய்தேன் என்பது போல எழுதியிருக்கிறாய். அப்படி எழுதாதே. நீ என் உயிரைக் காப்பாற்றினாய், அதை எந்தச் சபையிலும் சொல்வேன். பொய் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.

போன மாதம் நீ அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் மாரியாயி அத்தனை செங்கல் தூக்கியிருக்க மாட்டாள்.

துளைக்கம்பி கிடைத்தால் அனுப்பு. நீ வரவேண்டாம்.

கௌஸ்


பிரிக்பீல்ட்ஸ்,
14-4-1934

கௌஸுக்கு,

நீ சொன்னது அத்தனையும் சரி.

துரையிடம் சொல்லிவிட்டேன். அவர் பதிவேட்டை எடுத்து ஏழாவது துளையின் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, "வேறு எந்தத் துளை?" என்று மட்டும் கேட்டார். வேறு இல்லை என்றேன். "எப்படி நம்புவது?" என்றார். என் கையெழுத்தில் உள்ள முந்நூறு துளைகளையும் இனி சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்றார். சுவரிலிருந்து படத்தைக் கழற்றி மேசையில் போட்டார்.

திங்கட்கிழமை முதல் எனக்குத் தபால் பிரிவில் வேலை. மண் டப்பாக்களை இனி நான் தொடக்கூடாது. பத்தொன்பது வருஷமாக நான் துடைத்து அடுக்கியவை. சாவியைப் பாலனிடம் கொடுத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

துளைக்கம்பியும் ஆட்களும் 20-ம் தேதி கிள்ளானுக்கு வருவார்கள். துரைக்கே அந்த மண் வேண்டுமாம். பாலன் கூட வருவான், நான் வரவில்லை. களி மெதுவாக இறங்கினால் ஆட்கள் அவசரப்படுவார்கள், நீ விடாதே. ஒவ்வொரு ஐந்து அடிக்கும் மண் எடுக்கச் சொல்.

சந்திரகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்பா, எனக்கு அந்த வேலை இல்லேன்னாலும் பரவாயில்ல" என்றாள். அவளுக்காக உன்னிடம் கேட்கும் உரிமையை நான் இழந்துவிட்டேன். கமிட்டி என்ன முடிவு செய்தாலும் சரி.

நாகையா


கிள்ளான்,
6-5-1934

நாகையா,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். முழுக்க ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

துளை போட்டோம். பதினான்காவது அடியில் சரளை இல்லை. முப்பதில் இல்லை. களி, சாம்பல் நிறத்தில், வெண்ணெய் மாதிரி. நாற்பதில் சிப்பி. நான் இத்தனை வருஷம் கழித்துக் கம்பியில் காதை வைத்தேன். ஆட்கள் சிரித்தார்கள். எழுபத்தாறில் கம்பி கரகரத்தது. "சரளை" என்றேன். இழுத்தால் சரளை, அதோடு ஒரு மரத்துண்டு, கறுப்பாக, கையில் ஈரமாக. முகர்ந்து பார்த்தேன், இன்னும் மர வாசனை இருந்தது. பாலன் அதை இரண்டு கையாலும் வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு போனான். துரை ஆற்றை நேராக வரைந்துவிட்டாராம்.

அப்படியானால் ஒரு காலத்தில் அங்கே நிஜமாகவே ஆறு ஓடியிருக்கிறது. அதன் கரையில் நின்ற மரம் அது. அதைக் கையில் பிடித்தபோது உன்னைக் கூப்பிட்டுக் காட்டத்தான் முதலில் வாயெடுத்தேன். பிறகுதான் நீ வரவில்லை என்பது உறைத்தது.

போன ஞாயிறு கமிட்டி கூடியது. இடத்தைச் சந்துக்கு அந்தப் பக்கம், ஆறாவது துளை இருந்த மேட்டுக்கு மாற்ற வேண்டும் என்றேன். அங்கேயும் பாலன் புதிதாகத் துளை போட்டுப் பார்த்துவிட்டான், கெட்டித் தரைதான். பெரிய சத்தம். தம்புசாமி எழுந்து, "என்ன மேஸ்திரி, ஊரே செங்கல்லு தூக்கி அடுக்கியாச்சு. இப்ப வந்து இடம் சரியில்லேங்கிறீங்க. அந்தக் கணக்க எழுதினது உங்க கூட்டாளிதானே?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெயரைத் தவிர அவர்களுக்கு உன்னைத் தெரியாது. சொன்னால் அந்த நிமிஷத்தோடு விஷயம் முடிந்துவிடும், என் மேல் ஒரு குறையும் நிற்காது.

"நாங்க எழுதினது" என்றேன். "அந்த வரிசையில ரெண்டு பேருதான் பொறுப்பா இருந்தோம். அதுல நான் ஒருத்தன்."

மாரியாயிக் கிழவி கடைசியில் உட்கார்ந்திருந்தாள். "சரி, சந்துக்கு அந்தப் பக்கந்தானே? வெயில் ஏறுறதுக்குள்ள தூக்கிரலாம் வாங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவள் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். தம்புசாமிதான் கடைசி. ஆனால் வந்தார். மதியத்துக்குள் செங்கல் பூராவும் அந்தப் பக்கம் போய்விட்டது. மாடி வேண்டாம், ஒரே தளம் என்று நானே சொன்னேன். நேற்று அஸ்திவாரம் போட்டோம்.

சந்திரகலா விஷயத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனிக்குள் கூரை ஏறிவிடும். அவளை நீயே கூட்டிக்கொண்டு வா, பாலனோடு அனுப்பாதே. நீ வந்தால் உன்னிடம் இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசுவேன், அது பேசியே ஆக வேண்டும். பிறகு வீட்டில் சாப்பாடு. காத்தூன் இப்போதே என்ன மீன் வாங்குவது என்று கேட்கிறாள்.

எந்த ரயில் என்று எழுது. ரயிலடியில் நிற்கிறேன்.

உன்,
கௌஸ்