மேட்டுத் தெருவின் ஏழு ஓட்டுகள்

8-5-2001, செவ்வாய்

காலையிலேயே கத்திரி வெயில். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மாலை மேட்டுத் தெரு. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரே தெரு, வீட்டுக்கு வீடு தறி. பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். நாளை மறுநாள் ஓட்டு. முதல் முறையாக இயந்திரம். அதுவும் இந்தத் தெருவுக்கென்று தனி வாக்குச்சாவடி. அட்டையில் பொத்தான்கள் வரைந்து எடுத்துப் போனேன்.

எல்லார் முகத்திலும் பயம். தெரு முழுக்க நெய்வது ஒரே பட்டு முதலாளிக்கு. தறியில் ஏற்றும் பாவு நூலை அவர் கொடுத்தால்தான் தறி ஓடும். தன் வேட்பாளருக்கே போடச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்.

பச்சையம்மாள் கேட்டாள்: "பட்டன அமுக்கனா கீன்னு கத்துமாமே சார். ஆளுக்கொரு சத்தமா? உள்ள குந்திகினு இருக்கிற ஏஜெண்டுக்குத் தெரிஞ்சிடாதா?"

அவள் புருஷன் ஏழுமலை: "ஆமா, இவருக்குப் போட்டா நாயனம், அவருக்குப் போட்டா தவிலு. சும்மா இரு நீ."

எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான் என்றேன். பத்து வீட்டு நூலை ஒரே தொட்டியில் சாயம் போட்டால் எது யார் வீட்டு நூல்? எண்ணும் இடத்திலும் அப்படித்தான், எல்லா ஊர்ப் பெட்டியும் ஒன்றாகக் கலந்துவிடும், மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுங்கள் என்றேன். எத்தனை தேர்தலில் எண்ணும் பணிக்குப் போய் என் கையாலேயே சீட்டுகளைக் கலந்திருக்கிறேன்!

10-5, வியாழன்

ஓட்டுப் போட்டாயிற்று. நகத்தில் மை. மேட்டுத் தெருப் பெண்கள் வழியில் பார்த்து விரலைக் காட்டிச் சிரித்தார்கள். "ஒரே சத்தம்தான் சார்!" மாத்திரை வாங்க மறந்தேன்.

13-5, ஞாயிறு

எண்ணிக்கை முடிந்தது. முதலாளியின் வேட்பாளர் தோல்வி. டீக்கடையில் அவருடைய ஏஜெண்டு, எண்ணும் இடத்திலிருந்து நேராக வந்தவன், ஒரே கூச்சல்.

"கலக்கறதாவது ஒண்ணாவது! ஒவ்வொரு மிஷினா மேசைல வெச்சி அமுக்கறாங்க. பூத்துக்குப் பூத்து நம்பர் வந்து நிக்குது. மேட்டுத் தெருவுல நமக்கு எவ்ளோ தெரியுமா? ஏழு!"

"ஏழா? அவரு ஊட்டு மாடே அதுக்கு மேல இருக்குமே!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

14-5, திங்கள்

தூக்கம் இல்லை. பரணிலிருந்து பழைய தேர்தல் கையேடு. சீட்டு முறையில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி உண்டு. பணியில் இருக்கும் நண்பரிடம் புதியதை வாங்கிப் பார்த்தேன். இயந்திரத்துக்கு அப்படி ஒரு வரியே காணோம். காகிதம் கலந்தால் வாய் திறக்காது. இது சாவடி சாவடியாகச் சொல்லிவிடுகிறது. தெரியாமலேயே ஒரு தெருவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தேர்தல் அதிகாரிக்கு மனு. பல இயந்திரங்களின் கூட்டுத்தொகையை மட்டும் வெளியிட வேண்டும் என்று. மூன்று தடவை அடித்து எழுதினேன். அடுத்த தேர்தலுக்கு உதவலாம். இவர்களுக்கு?

ராஜி: "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?" இல்லை.

16-5, புதன்

முதலாளி வீட்டுக்குப் போனேன். நல்ல மரியாதை. மோர் வந்தது.

"சார், யாருக்குப் போட்டேன்னு நான் எவனையாவது கேட்டேனா? சட்டம் எனக்கும் தெரியும். மிஷினு ஏழுன்னு சொல்லுது. ஏழு தறிக்குப் பாவு தரேன். அந்த ஏழு பேரு யாருன்னு அவங்களே பேசி அனுப்பட்டும்."

"மத்தவங்க?"

"மத்தவங்களுக்கு ஜெயிச்சவரு குடுப்பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மோரைக் குடித்துவிட்டேன். குடிக்காமல் எழுந்து வந்திருக்க வேண்டும்.

17-5, வியாழன்

மேட்டுத் தெருவில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. பாவு தீரத் தீர ஒவ்வொன்றாக நிற்கிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. குழாயடியில் இரண்டு பெண்கள்:

"உன் மாமியாதான் போட்டிருப்பா. மொதலாளிகிட்ட பல்ல இளிச்சிகினு நிப்பாளே."

"கற்பூரம் ஏத்தி அணைக்கிறேன், நீயும் அணைக்கிறியா?"

ஏழுமலை நடுத்தெருவில் நின்று கத்தினான்: "எவனும் பாவு வாங்கப் போவக்கூடாது! போனாதான தெரியும் அந்த ஏழு பேரு எவன்னு. தெரிஞ்சிது, இந்தத் தெருவுல ஒரு சொம்பு தண்ணி கெடைக்காது அவனுக்கு!"

நல்ல பையன்தான். பயம் அப்படிப் பேச வைக்கிறது.

18-5, வெள்ளி

அனல். மின்சாரம் இல்லை. மத்தியானம் பச்சையம்மாள் பின்கட்டு வழியாகத் தனியாக வந்தாள். தலையில் முக்காடு. தூணோரம் உட்கார்ந்தாள். பிறகு,

"அந்த ஏழுல நான் ஒருத்தி சார்."

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"நீங்க சொன்னத நம்பாம இல்ல. பட்டன் கிட்ட கை போனதும் மொதலாளி மூஞ்சிதான் தெரிஞ்சிது. பயந்துட்டேன். இப்ப தறி நிக்குது. போய் வாங்கனா தெரு வுடாது. வாங்கலன்னா சின்னதுங்களுக்கு இன்னா போடுவேன்?"

"ஏழுமலைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஊட்ல சேத்துக்க மாட்டாரு. போவட்டா, வாணாமா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். எப்பவும் எதனா உதாரணம் சொல்லுவீங்களே."

முப்பது வருஷம் வகுப்பில் நின்றவனுக்கு ஒன்றும் வரவில்லை. போகச் சொன்னால் தெரு அவளுக்கு இல்லை. போகாதே என்றால் உலை இல்லை. முதலில் சாப்பிடு என்றேன். ராஜி தட்டு வைத்திருக்கிறாள். சாப்பிடுகிற ஓசை கேட்கிறது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பெயரோடு எழுதிவிட்டேன். இயந்திரம்கூடச் சொல்லாததை நான் மையில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தாள் இருக்கக் கூடாது, கிழித்து அடுப்பில்

வாசலில் செருப்புச் சத்தம். ஏழுமலை. "சார், இருக்கீங்களா? எங்க ஊட்ல இங்க வந்துச்சா?"