அறுபது குதிரை கேட்ட மச்சானுக்கு

அன்புள்ள பஷீர் மச்சான்,

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக் கதவைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது. பெரியகடை வீதியிலிருந்து பெரியநாயக்கன்பாளையம் வரை அந்தச் சிவப்பு வண்டியை ஓட்டி வந்து, "ஏனுங்க மாப்ள, டீ சொல்லலீங்களா?" என்று நீங்கள் கேட்காத ஞாயிறு என்ன ஞாயிறு?

உங்கள் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டதால்தான் நீங்கள் எனக்கு மச்சான் ஆனீர்கள். அந்த அக்காவுக்காக உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லித் தொலைக்கத்தான் இந்தக் கடிதம்.

ஐம்பத்திரண்டு வயதில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினீர்கள், சரி. மறுமாதமே, "இன்னும் அறுபது குதிரை ஏத்திப் போடுங்க" என்று வந்து நின்றீர்கள். அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்கூட அத்தனை கேட்க மாட்டார். என் பிழைப்பே அதுதான். இன்ஜினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் ஒன்று வண்டிக்குள் இருக்கிறது. லேப்டாப்பைச் செருகி, கம்பெனிக்காரன் போட்ட கணக்கை மாற்றி எழுதினால் வண்டி கூடுதல் குதிரைசக்தியோடு இழுக்கும். வேறு யாராக இருந்தாலும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஆனால் முந்தின நாளே அக்கா போன் செய்திருந்தார்கள். "தம்பி, அவருக்குச் சக்கரை, பிரஷர் எல்லாம் இருக்குதுங்க. பாத்துச் செய்யுங்க" என்றார்கள். சத்தம் போட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அறுபது என்று சொல்லிப் பதினைந்துதான் ஏற்றினேன். நீங்கள் வால்பாறைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சும்மா பறக்குதுங்க மாப்ள! இதுக்கு மேல இதுல கை வெக்காதீங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் அதே பாராட்டு. ஊரெல்லாம் சொல்லி ஆட்களை வேறு அனுப்பினீர்கள். ஒவ்வொருவர் வரும்போதும் எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாள் கடத்தினேன். அப்புறம் ஒருநாள் நீங்கள் கடையில் துணி அளந்துகொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டீர்கள்.

போன வாரம் உங்கள் மகள் ரிஸ்வானா அந்த வண்டியில் வந்தாள். "மாமா, அத்தா வண்டிய இனி நான்தான் ஓட்டப்போறேனுங்க. அறுபது குதிரையெல்லாம் எனக்குப் பயமுங்க. கம்பெனியில இருந்து வந்த மாதிரி மாத்திக் குடுங்க" என்றாள். இன்ஜினியரிங் படிக்கிற பெண், பக்கத்திலேயே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். தப்பிக்க வழியில்லை.

"கண்ணு, அதுல அறுபது இல்ல. பதினஞ்சுதான். உங்கத்தாகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைச் செருகினேன்.

பதினைந்தும் இல்லை மச்சான். கம்பெனிக் கணக்கு அப்படியே இருந்தது. நான் எழுதிய இரண்டாவது வாரமே யாரோ பழையபடி எழுதியிருப்பதாகத் தேதி காட்டியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரிஸ்வானா அக்காவுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"அத நீங்கதானே தம்பி மாத்திக் குடுத்தீங்க?" என்றார்கள் அக்கா. "வால்பாறை வளைவுல வண்டி துள்ளுனதுல பயந்துபோயிட்டாருங்க. வேலு மாப்ளகிட்டச் சொல்லி மாத்திப்போட்டேன், நீ நிம்மதியாத் தூங்குன்னாரு. நீங்க நல்லா இருக்கோணுமுன்னு அன்னைக்குத் துவா செஞ்சனுங்க."

"ஆமாங்க்கா, நாந்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

பதினைந்துக்கே பயந்துவிட்டீர்களா, இல்லை அறுபது என்று நான் சொன்ன எண்ணுக்கா? எனக்குத் தெரியாமல் எங்கேயோ கொடுத்து மாற்றிக்கொண்டு, ஒன்றும் ஏற்றாத வண்டியில் உட்கார்ந்து இரண்டு வருடம் என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். என் முகம் வாடக்கூடாது என்றா? அக்காவிடம் அந்த நல்ல பெயரையும் எனக்கே வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ரிஸ்வானா முன்னாலேயே அழுதுவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் கூடுதல் குதிரை கேட்டு யாராவது வந்தால், லேப்டாப்பைத் திறக்கவே கை வருவதில்லை. நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். ஒற்றை ஆளாக எவ்வளவுதான் சிரிப்பது?

அக்கா இன்னும் அதை நான் செய்த நல்ல காரியம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய், நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிய கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் திட்டுவார்கள். உங்கள் பங்குத் திட்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன் மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்
வேலுச்சாமி