தையல்காரர் வைத்த வாட்டம்

ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே எழுதுகிறேன். பஸ் வந்துவிடும்.

தையல் மேதையே, உங்கள் மழைத்தண்ணீர் டிரம்மைப் பார்க்கத் தெருக்காரர்கள் இன்று வருகிறார்கள். அதே மாதிரி தங்கள் கூரை ஓரத்திலும் தகர வாய்க்கால் மாட்டி டிரம் வைக்கப் போகிறார்களாம். அவர்கள் தலையெழுத்து! டீ ஃப்ளாஸ்க்கில் இருக்கிறது, ஒற்றைக் கையால் அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏணியைத் தேடாதீர்கள், அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

"பிளம்பர் எதுக்குடி? துணி வெட்டுறவனுக்குத் தகரம் வெட்டத் தெரியாதா?" என்றீர்களே! வெட்டத் தெரிந்தது, வாட்டம் வைக்கத்தான் தெரியவில்லை. டிரம் இந்தக் கோடியில், சரிவு அந்தக் கோடிக்கு. கூரைத் தண்ணீர் முழுக்கப் பக்கத்து வீட்டுச் செடிக்குத்தான் போகிறது. அந்தம்மா எனக்கு நன்றி வேறு சொன்னாள். வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லி, பிளம்பரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஊரைக் கெடுக்காதீர்கள்.

பி.கு: அப்படியென்றால் டிரம் எப்படி நிறைகிறது என்று முழிக்க வேண்டாம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும், மதியம் நீங்கள் குறட்டை விடும் நேரத்தில், சமையலறைக் குழாயில் ஹோஸை மாட்டி நான்தான் நிரப்புகிறேன். டிரம் காலியாக இருந்தால் மறுபடி ஏணி ஏறி, மிச்சமிருக்கும் கையையும் ஒடித்துக்கொள்வீர்களே!