மரகதத்தின் இரண்டாவது பிறந்தநாள்

மாத்தளை,
ஒக்டோபர் 28.

என் அன்பு மரகதம்,

நீ இருந்திருந்தால், "இங்க இருக்கிறவளுக்கு எதுக்குங்க கடிதம், அதுல திகதி வேறயா?" என்று சிரித்திருப்பாய். திகதியில்லாத கடிதத்தை நான் எவருக்கும் எழுதியதில்லை. உனக்கும் எழுத மாட்டேன்.

உன் சாம்பலைச் சுதுகங்கையில் கரைத்த மறுநாள் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கண்டியில் உன் குடலிலிருந்து சதைத்துண்டு எடுத்தார்களே, அந்த ஆய்வுகூடத்தின் அறிக்கை. முடிவு வருவதற்குள் நீ போய்விட்டாய். என்ன நோய் என்று அறியாமலே உன்னைத் தீயில் வைத்தோம்.

இணைப்பை அழுத்தியதும் கடவுச்சொல் கேட்டது. நோயாளியின் பிறந்த திகதி, எட்டு இலக்கங்களில். எனக்கு இதைவிட இலகுவான கேள்வி உண்டா? ஒகஸ்ட் ஒன்பது. திருமணப் பேச்சின்போது, உன் ஜாதகக் குறிப்பிலிருந்த நட்சத்திரத்தையும் திதியையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு நானே உறுதிசெய்த திகதியல்லவா அது? இட்டேன். தவறு என்றது. மாதத்தை முன்னால் வைத்துப் பார்த்தேன், ஆண்டை முன்னால் வைத்துப் பார்த்தேன். கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். கணினியை அணைத்துப் போட்டேன். தவறு என்ற அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியவில்லை.

டொரொண்டோவிலிருக்கும் நம் மகளுக்கு அனுப்பினேன். தாரணியும் அதே திகதியை இட்டுத் தோற்றாள். அவளுடைய அவசரத்தை நீ அறிய வேண்டும். உனக்கு நொந்த அதே இடத்தில் இப்போது அவளுக்கும் நோகிறது. "அம்மாவுக்கு என்னன்னு தெரிஞ்சா தான் எனக்கு என்ன டெஸ்ட்டுன்னு டாக்டர் சொல்லுவாராம் அப்பா. அம்மா பொறந்தநாள் உங்களுக்குச் சரியாத் தெரியும் தானே?" என்றாள். என் மகள் என்னிடம் கேட்கும் கேள்வியா இது?

ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் மிகவும் மரியாதையான ஒரு பெண். "பாஸ்வர்ட் டேட் ஒஃப் பர்த் தான் சேர். அப்படியும் திறக்காட்டி பேஷன்ட்ட நேர்ல வரச் சொல்லுங்க, ப்ரின்ட் எடுத்துத் தாறோம்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வேறென்ன சொல்வது, மரகதம்? வரச் சொல்லட்டுமா?

இப்படியே வாரங்கள் கழிந்தன. கடைசியில் பஸ் நிலையத்துக்கு அருகில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் ரிஸ்வானாவிடம் போனேன். அவள் தன் கணினியில் இறக்கி, வேறொரு மென்பொருளிலும் முயன்றுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஃபைல்ல ஒரு பழுதும் இல்ல அங்கிள். நீங்க சொல்ற டேட் தான் பிழை."

"பிள்ளை, நான் கச்சேரியில அரசாங்கப் பதிவுகளில திகதி பார்த்தே தலை நரைச்சவன். என்ர மனிசி பிறந்த நாள் எனக்குத் தெரியாதோ?"

"கோவிக்காதீங்க. கம்ப்யூட்டருக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்ல. எங்கட உம்மாவுக்கும் ரெண்டு டேட் ஈக்கிது. ஐடென்டிட்டி கார்ட்ல உள்ளத சொல்லுங்க."

அடையாள அட்டையில் உனக்கு இருந்தது வேறு திகதி.

நீ தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். உன் அப்பா உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போதுதான் பிறப்பைப் பதிந்தார். பதியப் போன நாளையே பிறந்த நாளாகச் சொல்லி, ஆண்டை மட்டும் கழித்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு நவம்பர் இரண்டிலும் நீ அடுப்படியிலிருந்து கூப்பிடுவாய்: "இன்னைக்கு எனக்குக் கவர்மெண்ட் பொறந்தநாள்! கச்சேரி ஐயா, இன்னைக்கு மட்டும் பிளேன்டிய நீங்க ஊத்துங்க!" நான் ஒவ்வொரு முறையும், "பொய்த் திகதிக்குத் தேத்தண்ணியோ? பிள்ளைக்குக் கேக்கப் போகுது, மெல்லக் கதை" என்பேன். நீ சிரித்துக்கொண்டே இரண்டு கோப்பையையும் நீயே கொண்டுவருவாய். தாரணிக்கு அந்தத் திகதி தெரியாமலே போயிற்று.

ரிஸ்வானாவிடம் சொன்னேன். திறந்தது.

முதல் வரியில் உன் பெயர். அதற்குக் கீழே நவம்பர் இரண்டு. நான் வீட்டுக்குள் விடாத திகதியோடுதான் வைத்தியசாலைகளில் நீ படுத்திருந்தாய். கடைசிப் பக்கத்தில், இது பரம்பரையில் வரக்கூடிய வகை, பிள்ளைகளும் தாமதமின்றிச் சோதித்துக்கொள்வது அவசியம் என்று எழுதியிருந்தது. தாமதமின்றி! ரிஸ்வானா எழுந்து தன் நாற்காலியை எனக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். "உக்காருங்க அங்கிள். தண்ணி குடிங்க."

அந்தத் திகதியை அங்கிருந்தே தாரணிக்கு எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது: "திறந்துச்சு அப்பா. வாசிச்சேன். அடுத்த கிழமை டெஸ்ட். நவம்பர் ரெண்டு யாரோட பொறந்தநாள்?"

கடைசிப் பக்கத்தைப் பற்றி அவள் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவள் பயந்திருக்கிறாளா, நான் பயந்துவிடுவேன் என்று மறைக்கிறாளா? உனக்கென்றால் குரலைக் கேட்டே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. இன்னும் பதில் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எதிலும் நம்பிக்கை மிச்சமில்லை, மரகதம்.

இதைப் பத்திரிகையில் ஊரறிய எழுதுவதற்கு ஒரு காரணமுண்டு. தோட்டங்களில் பிறந்து, உன்னைப் போல இரண்டு பிறந்தநாள் உள்ளவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அவர்களுடைய பிள்ளைகள் இரண்டையும் அறிந்திருக்கட்டும்.

வருகிற நவம்பர் இரண்டாம் திகதி காலையில் நான் பிளேன்டி ஊற்றுவேன். இரண்டு கோப்பை. தாரணியைத் தொலைபேசியில் அழைத்து, அது யாருடைய பிறந்தநாள் என்று அவளுக்கு முழுதாகச் சொல்வேன். சோதனையின் முடிவு எதுவாயினும் அதை அவளுடன் சேர்ந்தே திறப்பேன். இது என் வாக்கு.

உன் தேத்தண்ணிக்கு நீ எவ்வளவு சீனி போடுவாய் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

அந்த நாளில் உன்னை ஒருமுறையேனும் வாழ்த்தாத
உன் வீட்டுக்காரன்,
தில்லையம்பலம்